காம்பு சிவப்பு, கணு தூரம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வோர் ஆடி மாதமும் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்ததும், இந்த வருஷம் எழுதிவிடலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைப்பேன். பேரப்பிள்ளைகள் அதில் படம் வரைந்து தீர்த்துவிடுவார்கள். சரி, அம்மனுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நானும் சும்மா இருந்துவிடுவேன். அம்மன் மேல் பழியைப் போட்டது பொய். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், எழுதினால் யாராவது சிரிப்பார்களோ என்ற கூச்சம் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், இந்த விஷயத்தில் வருகிற தப்பு என்னுடைய தப்பு. அதை எழுதாமல் என் மனைவியின் பெருமையை எழுத முடியாது. அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது ஸ்கூடாயில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் ரப்பர்த் தோட்டம் லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து நடந்தால் ஒன்றரை மணி நேரம். வெள்ளைக்கார துரைமார் ஓடிவிட்டார்கள். பால் வெட்டுவது பாதியாகக் குறைந்து, நிரை நிரையாக மரத்தைச் சாய்த்து மரவள்ளி நடச் சொல்லிவிட்டார்கள். வாரத்துக்குக் கொடுக்கிற அரிசி இரண்டு நாள் கஞ்சிக்கு வரும். மீதி ஐந்து நாளும் கிழங்குதான். ஆம்பிளைகளில் பாதிப் பேரைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரியும் போய்விட்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பான், கவிச்சி தொடமாட்டான் என்று சொல்லித் தீபத்தட்டை என் கையில் கொடுத்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் கொடுத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. எது விளைந்தாலும் முதல் விளைச்சல் அம்மனுக்கு. அதையும் பச்சையாகத்தான் வைப்போம். அடுப்பில் ஏற்றிவிட்டால் அது நம்முடைய சாப்பாடு, மண்ணிலிருந்து எடுத்தது எடுத்தபடி வைத்தால்தான் படையல் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். வெள்ளரிப் பிஞ்சு, கரும்பு, சர்க்கரைவள்ளி எதுவானாலும் கழுவி, மஞ்சள் தடவி, வாழையிலையில் வைத்துத் தீபம் காட்டுவோம். அப்புறம் நறுக்கி ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்போம். அதையும் பச்சையாகவே தின்போம். காலம் காலமாக யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அந்த வருஷம் தெப்ராவ் பக்கமிருந்து ஒரு லாரியில் புது மரவள்ளிக் கட்டைகள் வந்து இறங்கியிருந்தன. "மாவு ஆலைக்கு வேணுமாம். தொடை மொத்தத்துக்கு விளையுமாம், நட்டுக்குங்க" என்றார் கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை பார்ப்பவரைத்தான் நாங்கள் கிராணி என்போம். அவருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நாங்கள் பழைய மரவள்ளி நின்ற இடத்திலேயே, எங்கெங்கே சந்து இருந்ததோ அங்கெல்லாம் புதுக் கட்டையைச் செருகிவிட்டோம். ஒரே வரப்பில் பழசும் புதுசும் கலந்து வளர்ந்தது.

புதுக் கிழங்கு முதன்முதல் தோண்டிய அன்று வெள்ளிக்கிழமை. சொன்னது போலவே தொடை மொத்தம். இத்தனை பெரிய கிழங்கை அம்மன் நமக்குக் கொடுத்தாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் பூசை முடிந்ததும் நறுக்க உட்கார்ந்தேன். வழக்கமாக விரல் நுனி அளவுதான் கொடுப்பது. அன்றைக்கு எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். எல்லாருக்கும் கன்னம் ஒட்டிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு கையளவு கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கசக்குதேப்பா."

"அம்மா குடுக்கறதுல கசப்பு என்னாண்ணே, இனிப்பு என்னா? சாப்பிடுங்க."

சாமி பிரசாதத்தை யாராவது துப்புவார்களா? அவரும் விழுங்கினார், மற்றவர்களும் விழுங்கினார்கள். தட்டில் மிஞ்சியதைத் திருப்பி வைக்கக் கூடாது என்று என் மனைவி அள்ளித் தின்றாள். எல்லாரையும்விட அதிகமாகத் தின்றது அவள்தான்.

வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒவ்வொருவராக விழ ஆரம்பித்தார்கள். வாந்தி, தலைச்சுற்றல், கால் துவண்டு நிற்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. பதினொரு பேர். தோட்டத்து மருந்துக்காரர் ஓடி வந்தார், வெறுங்கையோடு. மருந்து என்று ஒன்றும் அவரிடம் இல்லை. யாரும் சாகவில்லை, அது அம்மன் கருணை. என் மனைவிதான் கடைசியாக எழுந்தாள், மூன்றாம் நாள். அந்த மூன்று நாளும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் அம்மனுக்கும் தெரியும்.

ஆனால் கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. லயத்தில் ஒருத்தரும் மரவள்ளியைத் தொடவில்லை. புதுசு மட்டுமில்லை, இத்தனை நாள் எங்களை உயிரோடு வைத்திருந்த பழசையும் கண்டபடி பிடுங்கி வரப்பில் எறிந்தார்கள், மீதியைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். வேக வைத்தாலும் தின்னமாட்டோம் என்றார்கள். கலந்து நட்டுவிட்டோமே, எது எதுவென்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் பச்சைத் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தன. அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மணியை நான் மட்டும் தனியாக அடித்தேன். வீடு வீடாகப் போய், பழைய கிழங்கு நல்ல கிழங்குதான், தின்னுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பெரியவர் வீட்டு மருமகள் கதவைப் பாதி திறந்து, "நீங்க குடுத்துத்தாண்ணே தின்னோம்" என்றாள்.

சனிக்கிழமை காலை பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்க எல்லாரையும் வரிசையாக நிறுத்துகிற இடத்தில், இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஜப்பான்கார அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மத்தியானம் கிராணி லயத்துக்கு வந்தார்.

"இங்க பாருங்க. திங்கக்கிழம காலையில பெரட்டுல நிக்க முடியாதவன் பேரயெல்லாம் எழுதிக் குடுக்கச் சொல்லிட்டான். வேல செய்யாத ஆளு தோட்டத்துக்கு வேணாமாம். அந்த லிஸ்டு எங்க போகும்னு நான் சொல்லித் தெரிய வேணாம். தின்னுங்கய்யா, எதையாவது தின்னுங்க!"

சயாமுக்குப் போனவர்களில் அதுவரைக்கும் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. எங்களுக்கு இருந்தது ஒன்றே முக்கால் நாள். அதற்குள் ஜனங்கள் வாயில் கிழங்கு போக வேண்டும். போகாவிட்டால் எஞ்சிய ஆம்பிளைகளும் போய்விடுவார்கள். நான் கொடுத்த ஒரு கையளவு பிரசாதத்தால்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். "அம்மா ஏன் என்னய இப்படிச் சோதிக்கிறா" என்று சொன்னது நினைவிருக்கிறது. என் மனைவி பாயிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அம்மாவ இழுக்காதீங்க. அவ கிழங்கக் குடுத்தா. பாத்துக் குடுக்க வேண்டியது நீங்க."

"எப்படிப் பாக்கறது? எல்லாம் மரவள்ளிதானே."

"எல்லாம் மரவள்ளியா? ஏங்க, எல்லாம் ரப்பர் மரந்தானேன்னு நான் நாத்துமேடையில சொல்லியிருந்தா என்னய மறுநாளே வெரட்டியிருப்பாங்க."

அவளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் கையெழுத்துப் போடத் தெரியாதவள். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து நாற்றுமேடையில் வேலை. ரப்பரில் ஜாதி ஜாதியாக ஒட்டுக் கட்டுவார்கள். கலப்பு நாற்று ஒன்று உள்ளே நின்றாலும் கண்டுபிடித்துப் பிடுங்கிப் போட வேண்டும். கன்று முழங்கால் உயரம் இருக்கும்போதே, காம்பு தண்டோடு சேருகிற மூட்டு எப்படி வீங்கியிருக்கிறது, கணுவுக்குக் கணு எத்தனை விரல், மூன்று இலையும் ஒன்றையொன்று தொடுகிறதா விலகி நிற்கிறதா என்று பார்த்து ஜாதியைச் சொல்லிவிடுவாள். சின்ன துரை அவர் பாஷையில் நாக்கைச் சுழற்றி ஒரு பேர் சொல்வாராம். இவள் "காம்பு மூட்டு" என்பாளாம். இரண்டு பேரும் விரலை வைப்பது ஒரே இடத்தில்தான்.

அவளைக் கைத்தாங்கலாக வரப்புக்குக் கூட்டிப்போனேன். பிடுங்கி எறிந்த செடிகள் இன்னும் முழுசாக வாடவில்லை. அவள் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடியில் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்போது கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, கருவாடு கொண்டு வருகிற மலாய்க்காரர் அந்த வழியாக வந்தார். வயதானவர், நாங்கள் பாக் சிக் என்று கூப்பிடுவோம். கீழே கிடந்த கிழங்கைப் பார்த்ததும் அவர் கூடையை இறக்கிவிட்டார்.

"அலமாக்! இதையா தின்னீங்க? இனி ராச்சுன்!"

இது விஷம் என்கிறார். எங்கள் மலாயிலும் அவருடைய அரைகுறைத் தமிழிலுமாகப் பேசிக்கொண்டோம். தெரிந்தவர்கள் அந்த ஜாதியை மாவுக்கு மட்டும் நடுவார்களாம். துருவி, ஊற வைத்து, பிழிந்து, காய வைத்த பிறகுதான் வாயில் வைப்பார்களாம். நல்ல ஜாதியைக்கூட ஒருவரும் பச்சையாகத் தின்பதில்லையாம். "ரெபுஸ் டூலு, முதல்ல அவி" என்று மூன்று தடவை சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி குனியவில்லை. இரண்டு செடியை அவர் முன்னால் போட்டு, "எது எதுன்னு எப்படித் தெரியும் பாக் சிக்?" என்று கேட்டாள். அவர் ஓர் இடத்தைத் தொட்டு அவர் பாஷையில் சொன்னால், இவள் அதே இடத்தைத் தொட்டு நம் பாஷையில் சொன்னாள். அவர் புச்சோக் என்றார், இவள் கொழுந்து என்றாள். அவர் பாத்தாங் என்றார். இவள், "தண்டு, சரி, தண்டுல எங்க? கணுவா, இடைக்கணுவா, தூரா?" என்று மடக்கினாள். பாக் சிக் சிரித்துவிட்டார். "உன் பெண்டாட்டி போலீஸ் மாதிரி கேக்குது" என்றார் என்னிடம்.

போகும்போது ஓடையோரம் ஒரு செடியைக் காட்டி, இதையும் தின்னலாம் என்றார். சுருட்டிய நத்தைக்கூடு மாதிரி நுனி உள்ள காட்டுச் செடி. அந்த நுனிக்கு எங்களிடம் பேர் இல்லை. என் மனைவி அதை ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சுருள்கொழுந்து" என்றாள். அன்றைக்கு வைத்த பேர்தான், எங்கள் பக்கத்துத் தமிழர்கள் பல பேர் ரொம்ப நாள் அப்படித்தான் சொன்னார்கள். அகராதியில் இருக்கிறதோ இல்லையோ, அந்த வார்த்தை பிறந்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் அடையாளத்தைப் பிடித்துவிட்டாள். எங்கள் பழைய மரவள்ளிக்கு இலைக்காம்பு சிவப்பு, கணு தூரம் தூரம், கிழங்கின் மேல்தோலைச் சுரண்டினால் உள்தோல் ரோஸ் நிறம். லாரியில் வந்ததற்குக் காம்பு வெளிறிய பச்சை, கணு நெருக்கம், உள்தோல் வெள்ளை. "எழுதுங்க" என்றாள். காகிதம் ஏது? கோயில் சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

"ஏப்பா, சாமி பேரு எழுத வேண்டிய சுவத்துல கிழங்கு பேரு எழுதுறியே?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள்: "சாமி பேரு எல்லாருக்கும் தெரியும்ணே. இது தெரியாமத்தான விழுந்தோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை சுவர் முழுக்க எழுதி முடித்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மரவள்ளி மட்டுமில்லை, எந்தச் செடியில் எந்தப் பாகத்தை எப்படித் தின்னலாம் என்றும். அப்போதுதான் எனக்கு என் படிப்பின் லட்சணம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது வேர், தண்டு, இலை, பூ, காய், இவ்வளவுதான். அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அது படம் போடறதுக்குப் போதும். சமைக்கறதுக்குப் போதாது" என்றாள்.

மரவள்ளி இலை என்று எழுதினேன். "இலைன்னு எழுதாதீங்க. கொழுந்துன்னு எழுதுங்க. கொழுந்து தின்னலாம், அவிச்சு, தண்ணிய வடிச்சு ஊத்திட்டு. தளிர் விரிஞ்சு இலையாயிட்டா வேணாம். பழுப்புப் பக்கமே போவாதீங்க" என்றாள். சேம்புக்குத் தண்டு என்று எழுதினேன். "அது தண்டா? அது இலையோட காம்பு. நாரு உரிச்சுப் புளி போட்டு வேக வைக்கணும், இல்லன்னா தொண்ட அரிக்கும்" என்றாள். வாழையில் பூ, தண்டு இரண்டும் எனக்குத் தெரியும். பூவுக்குள்ளே இருக்கிற நரம்பை எடுக்க வேண்டும், மேல் மடலைத் தள்ள வேண்டும் என்பது அவள் சொல்லித்தான் தெரியும். சோளத்தின் இலை என்று தவறிப்போய்ச் சொல்லிவிட்டேன். "தோகைங்க. தென்னைக்கு ஓலை, சோளத்துக்குத் தோகை. மாத்திச் சொன்னா ஆடுகூடச் சிரிக்கும்" என்றாள். தென்னையில் காய்க்கு முந்தினது குரும்பை, மாவில் வடு, வாழையில் கச்சல். பிஞ்சுக்கு மரத்துக்கொரு பேர்! எழுத எழுத எனக்கு உடம்பு சிலிர்த்தது. படிக்காத ஜனங்கள் என்று எங்களைச் சொல்லுவார்கள். செடியில் ஒரு விரல் தள்ளி இன்னொரு இடத்தைத் தொட்டால், அதற்கும் ஒரு பேரை வைத்திருந்த ஜனங்கள் நாங்கள்.

சரி, சுவரில் எழுதியாகிவிட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் நான் எழுதினதை நம்பத் தயாராயில்லை.

அதற்கும் அவளே வழி சொன்னாள். ஞாயிறு மத்தியானம் கோயில் முன்னால் பாய் போட்டு உட்கார்ந்து, மேளக்காரரை விட்டு வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு வீட்டுப் பொம்பிளையும் தன் வரப்பிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கிக் கொண்டுவர வேண்டும். எது கசப்பு, எது நல்லது என்று அவள் சொல்லுவாள். நல்லது என்று சொன்னதை அங்கேயே அவித்து முதலில் அவளே தின்பாள். எனக்குப் பயம். "இப்பத்தானே எந்திரிச்ச, வேற யாராச்சும் தின்னட்டும், நான் தின்னுறேன்" என்றேன்.

"நீங்க தின்னா நம்பமாட்டாங்க. விழுந்தவ தின்னாத்தான் நம்புவாங்க."

வந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர், பிறகு லயமே வந்து வட்டமாக நின்றது. அவள் ஒவ்வொரு செடியையும் வாங்கி, காம்பைத் தடவி, கணுவை விரலால் அளந்து, வலது பக்கம் அல்லது இடது பக்கம் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சத்தமாகக் காரணம் சொன்னாள். "காம்பு பச்ச, கணு கிட்ட, இடது." "காம்பு சிவப்பு, கணு தூரம், வலது." பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டன.

அப்போது பெரியவர் வீட்டு மருமகள் வந்தாள். அன்றைக்கு எனக்குக் கதவைப் பாதி மட்டும் திறந்தவள். வாயாடி, ஆனால் என் மனைவிக்கு அவள்தான் ரொம்பச் சிநேகம். அவள் ஒரு கட்டையையும், தனியாக உடைந்த ஒரு கிழங்கையும் பாயில் போட்டாள்.

"இந்தாக்கா. பிடுங்கும்போது ஒடஞ்சிருச்சு. சொல்லு பாப்பம்."

கட்டையில் காம்பு சிவப்பு. கணு தூரம். என் மனைவி அதை வலது பக்கம் வைக்கப் போய், கையை நிறுத்தினாள். கிழங்கை எடுத்து நகத்தால் சுரண்டினாள். அப்புறம் கிழங்கு தூரிலிருந்து ஒடிந்த கழுத்தையும், கட்டையின் அடியையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். என் வாயில் "அம்மா, அம்மா" என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, உன் புருசன் தலையக் கொண்டாந்து என் புருசன் கழுத்துல ஒட்டுனா எனக்குத் தெரியாமப் போயிருமா? கட்ட நல்ல கட்ட. கிழங்கு அந்த லாரிக் கிழங்கு. தோலப் பாரு, வெள்ளையா இருக்கு."

மருமகள் இடுப்பில் கை வைத்து நின்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "நெசந்தான்க்கா. வேணும்னுதான் மாத்திக் கொண்டாந்தேன். உன் கண்ணு கண்ணுதான்!" என்றாள். கூட்டமே சிரித்தது. ஒன்பது நாளில் எங்கள் லயத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. பெரியவர்கூட, "அவ புருசன் தலைய வாங்கி நீ என்னாம்மா பண்ணப் போற, உள்ள ஒண்ணுமில்லையே" என்றார். என் தலையைத்தான் சொன்னாரோ தன் மகன் தலையைத்தான் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

கோயில் முன்னாலேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினோம். வலது பக்கக் கிழங்கை உரித்து, நடு நரம்பை எடுத்து, நன்றாகக் குழைய அவித்து, தண்ணீரை வடித்தோம். அவள் ஒரு துண்டை எடுத்தாள். நான் தடுத்தேன். முதல் துண்டு அம்மனுக்கு. அவித்ததை எங்கள் அம்மனுக்கு வைத்தது அதுதான் முதல் தடவை. வைக்கும்போது தயங்கினேன். வழக்கத்தை மாற்றுகிறேனே, கோபித்துக்கொள்வாளோ என்று. தீபம் காட்டிவிட்டு, "தாயே, உன் பிள்ளைங்க பசியா இருக்கு, அவிச்சுத்தான் கொண்டாந்திருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். தீபம் ஆடாமல் நின்றது. அதை நான் கூட்டிச் சொல்லவில்லை, காற்று இல்லாத மத்தியானம்தான்.

பிறகு அவள் தின்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒரு துண்டு, இரண்டு துண்டு, தண்ணீர் குடித்தாள். "உப்பு பத்தல" என்றாள். அவ்வளவு நேரம் காத்திருந்த ஜனம் அப்புறம் காத்திருக்கவில்லை. மருமகள் முதலில் தன் பிள்ளைக்கு ஊட்டினாள். பெரியவர் என்னிடம் கையை நீட்டினார், நான் ஒரு துண்டு வைத்தேன். கடித்துப் பார்த்து, "இப்ப கசக்கல தம்பி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பெரட்டில் எங்கள் லயத்து ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். ஜப்பான்கார அதிகாரி இரண்டு தரம் நடந்து பார்த்தான். கிராணி வெறும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த லிஸ்டில் எங்கள் லயத்திலிருந்து ஒரு பேரும் போகவில்லை. லாரிக் கிழங்கை மாவு ஆலைக்கே விட்டுவிட்டோம். எங்கள் வரப்பில் இருந்த கட்டைகளைப் பொம்பிளைகள் காம்பைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். சண்டை முடிகிற வரைக்கும் பிறகு ஒருத்தரும் கிழங்கால் விழவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதை எழுதியதற்குப் பலனில்லை. சுவரில் இருந்ததைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த என் பங்காளி ஒருவர் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். நல்ல மனுஷன், என்னைவிடப் படித்தவர். கொழுந்து, தளிர் என்று எதற்கு இத்தனை வார்த்தை, படிக்கிறவர்கள் குழம்புவார்கள் என்று நினைத்து எல்லா இடத்திலும் "இலை" என்று போட்டுவிட்டார். வடித்து ஊற்று என்பதையும் விட்டுவிட்டார். அங்கே முற்றின இலையைப் பறித்து அந்தத் தண்ணீரோடு சாறு வைத்துக் குடித்து ஒரு குடும்பமே விழுந்து கிடந்தது. பிழைத்துக்கொண்டார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "சுருக்கமா எழுதலாம்னு பாத்தேம்மா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் மனைவி அவரைத் திட்டவில்லை. மறுபடியும் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து ஒவ்வொரு வார்த்தையாக எழுத வைத்தாள், அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க விடவில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளிடமோ தெரிந்தவர்களிடமோ இதைச் சொல்வீர்களானால் சொன்னபடியே சொல்லுங்கள். அந்த அடையாளம் எங்கள் வரப்பில் நின்ற இரண்டு ஜாதிக்கு மட்டும்தான், எல்லா ஊர் மரவள்ளிக்கும் அல்ல. எதுவானாலும் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதுதான் எல்லாருக்கும். கொழுந்து என்று எழுதியிருக்கும் இடத்தில் கொழுந்து என்றே சொல்லுங்கள், காம்பு என்றால் காம்பு. என் தப்பைப் பாவம் பார்த்துக் குறைக்காதீர்கள். அவளை அம்மன் அவதாரம் என்று கூட்டவும் செய்யாதீர்கள், அவளுக்கு அது பிடிக்காது. நாற்றுமேடையில் வேலை பார்த்தவள், செடியை உற்றுப் பார்க்கத் தெரிந்தவள், ஒவ்வொன்றுக்கும் நம் பாஷையில் பேர் தெரிந்தவள். இவ்வளவும் உண்மை, இதுவே போதும்.